ஏழில் இரண்டு

நெகேசா இரண்டாவது சீட்டிலும் தன் பெயரையே எழுதினாள்.

யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் நாலாக மடித்து, மக்காச்சோளக் களி கிண்டும் பானைக்குள் போட்டாள்.

மலாவியின் அந்தச் சிற்றூரில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஏழு பேர். யார் ஊர் திரும்பினாலும் அவருடைய சாமான்களைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு மின்விசிறிக்காக இரண்டு பேர் ஓராண்டு முகம் பார்க்காமல் இருந்த பிறகு வந்த விதி. விலக்கே கிடையாது.

நாளை மணிலாவுக்குக் கிளம்புகிறாள் கணக்கு டீச்சர் லூர்தெஸ். கெட்டில், கொசுவலை, வாணலி எல்லாம் கைமாறியாயிற்று. மிச்சம் அவளுடைய சைக்கிள்.

கென்யாக்காரி நெகேசா நர்ஸ். செவ்வாய்தோறும் பதினொரு கிலோமீட்டர் நடந்து போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பாதித் தாய்மார்கள் வெயில் தாங்காமல் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆறு பேரும் அவரவர் பெயரை எழுதி ஆளுக்கொரு சீட்டு போட்டால் வாய்ப்பு ஆறில் ஒன்று. இப்போது ஏழில் இரண்டு. கூடியது கொஞ்சம்தான், திருட்டுத்தனம் மட்டும் முழுசு.

"சைக்கிள் எனக்குத்தான். கனவுல பெல் அடிச்சுது," என்றான் நேபாளத்துப் பிகாஷ்.

"உனக்கு ஓட்டவே தெரியாதேடா," என்றாள் லூர்தெஸ்.

"அதனாலென்ன, உருட்டிக்கிட்டே போவேன்."

பானை குலுங்கியது. எல்லோரும் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். நெகேசாவின் நெஞ்சும் சேர்ந்து தட்டியது. லூர்தெஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

"நெகேசா."

வீடே அதிர்ந்தது. யாரோ அவளைத் தூக்கிச் சைக்கிள்மேல் உட்கார வைத்தார்கள். பிகாஷ் மட்டும் அவசரமாகப் பானையை எடுத்துக்கொண்டு கரியடுப்புப் பக்கம் போனான்.

சீட்டுகள் எரிந்துவிட்டால் தப்பித்தாள். அவள் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"நில்லு பிகாஷ். நான் ரெண்டு சீட்டு போட்டுட்டேன்."

தாளம் நின்றது.

"போனாப் போகுதுக்கா. எரிச்சிடலாம்."

"இல்ல. என்னோடதுல ஒண்ணை எடுத்துட்டு மறுபடி குலுக்கணும். கொடு இப்படி."

"வேணாங்க்கா. சொன்னாக் கேளு."

பானையைப் பிடுங்கினாள். தன் சீட்டைத் தேடி ஒன்றைப் பிரித்தாள். 'நெகேசா.' ஆனால் அவள் எழுத்தில்லை. பிகாஷின் கோழிக் கிறுக்கல்.

இன்னொன்றைப் பிரித்தாள். 'நெகேசா', பச்சை மையில். அதற்கடுத்ததும் அதே பெயர், வேறு யாருடைய கையெழுத்திலோ.

தான் ஒருவர் மட்டுமே செய்ததாக நினைத்திருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லூர்தெஸ் தன் கையிலிருந்த சீட்டையும் சேர்த்து எண்ணி முடித்தாள்.

"ரெண்டாவது சீட்டை வீணா எழுதினியேடி. ஏழுல ஏழு."