நம்மாளு

விற்பனை அறிக்கை வந்திருந்தது. ஐந்தாம் தேதி காலை, வழக்கம்போல. சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் தலைமேல் இருந்தது.

அவள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நேற்றுத்தான் வீடு திரும்பியிருந்தாள். இன்னும் பத்து நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. கழுத்தில் துணிக்கட்டு. மடியில் ஒரு சிலேட்டு.

மருந்து மயக்கம் முழுக்க விடவில்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்தது. யாரோ சத்தமில்லாமல் பாய் விரிப்பதுபோல் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார்கள். மெட்டு அவர், குரல் அவள். படுக்கையறைச் சுவரெல்லாம் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துப் பதிவு செய்த எட்டுப் பாட்டுகள்.

இணையக் கடையில் ஏற்றிய முதல் மாதம் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று நாற்பது பேர் வாங்கினார்கள். அடுத்த மாதம் ஒன்பது. அதற்கடுத்த மாதம் பூஜ்யம்.

அவருக்கு வேலையே காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவதுதான். ஊர்க் காதையெல்லாம் திறந்துவிடுகிற மனுஷனின் பாட்டைக் கேட்க இரண்டு காது கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் முகம் தொங்கிப்போனதை அவளால் தாங்க முடியவில்லை.

நான்காம் மாதம் அவளே ஒன்று வாங்கினாள். கடையில் அன்பளிப்பாக வாங்குகிற வசதி இருந்தது. தன் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் இருந்துவிட்டாள்.

அறிக்கையில் இரண்டு என்று வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று தன்னுடையது. இன்னொன்று?

அன்று முதல் மாதாமாதம் கடைசி வாரத்தில் அவள் ஒன்று வாங்க, அறிக்கை இரண்டு என்றது. 'நம்மாளு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். நம்மாளு இந்த மாதமும் வாங்கிவிட்டார் என்று சிரிப்பார். அவள் மனதில் அதற்கு ஓர் உருவம் இருந்தது: எப்போதும் மழை பெய்கிற ஓர் ஊர், மூன்றாவது மாடி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே நாலாவது பாட்டைக் கேட்கிற ஒரு பெண்.

எண் இரண்டைத் தாண்டாததற்கு அவர் கையில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். மழைக்காலம், தேர்வுக்காலம், புதுப்படம். இந்தக் காலத்தில் முழு ஆல்பம் யார் வாங்குகிறார்கள், பாதிப் பாட்டிலேயே அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள் என்பார்.

ஒருமுறை எண் ஒன்றாக இறங்கியது. அவருடைய கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்த மாதம் அது. நம்மாளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொருமுறை நான்காக ஏறியது. அது திருமண நாள் வந்த மாதம். அவள் ஆசையாகக் கூடுதலாக ஒன்று வாங்கியிருந்தாள். நம்மாளும் இரண்டு வாங்கியிருந்தார். எங்கேயோ இருக்கிற ஆளுக்கும் தன் மனது தெரிகிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது ஆல்பம் நம்மாளுக்காகத்தான் தொடங்கினார்கள். ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதைப் பாடுவதற்குள் தொண்டையில் கட்டி. பழைய குரல் வருமா என்பதற்கு மருத்துவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. நம்மாளு இருக்கிறவரை எப்படியும் பாடிவிடலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி ஒருவழியாகக் கிடைத்தது. அவர் திரையைப் பார்த்தார். அவளும் எட்டிப் பார்த்தாள்.

பூஜ்யம்.

அவளுடையது இல்லை, சரி. ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் அவள் கைப்பேசியைத் தொடவே இல்லை. ஆனால் நம்மாளு?

"நான்தான் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன், என்னுது வராது. நம்மாளு எங்க போனாரு?"

தனக்குள் கேட்டுக்கொள்வதாக நினைத்து வாய்விட்டே முணுமுணுத்துவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை. பார்வை திரையை விட்டு நகரவில்லை.

அவள் மனதில் ஒவ்வொன்றாக வந்தது. வாளித் தண்ணீரில் விழுந்த கைப்பேசி. திருமண நாள். வாங்குகிறவர்கள் இரண்டு பேர் என்று அவர் ஒருநாளும் பேசாதது.

மழை பெய்கிற ஊரில், மூன்றாவது மாடியில், துவட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். அவள் தலைமேல் மூக்குக்கண்ணாடி இருந்தது.

அவர் கணினியை மூடினார்.

"போதும், விடு. நீ தொண்டையப் போட்டு வருத்திக்க வேணாம். இனிமே யாருக்குன்னு பாடுறது?"

அவள் சிலேட்டை எடுத்தாள். 'அது நா' என்று தொடங்கினாள். கை நின்றது. தண்ணீர்த் தம்ளரில் விரலை நனைத்து அழித்தாள். அழித்த ஈரம் காயும்வரை காத்திருந்து, பிறகு நிதானமாக எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'நம்மாளுக்கு உடம்பு முடியாம இருந்திருக்கும். தேறினதும் வாங்குவாங்க.'

அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அவர் பார்வை சிலேட்டிலிருந்து அவள் கழுத்துக் கட்டுக்கு வந்து, அங்கேயே நின்றது.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

எழுந்து போய், அலமாரி மேலிருந்த கம்பளிப் போர்வைகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.