காயாத கையுறை

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு குத்துச்சண்டைக் கூடத்தின் தரையில் விழுந்து கிடக்கிறது. மின்விசிறிக்கு நேர் கீழே கொடியில் தொங்கும் கையுறைகளில் மற்றவையெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. அந்தச் சிவப்பு ஜோடி மட்டும் காயவில்லை. அதைப் போட்டவன் செத்து நாற்பது நாள் ஆகிறது. பயிற்சியில் அவனைச் சாய்த்த குத்து பயிற்சியாளருடையது. தினமும் அவர்தான் பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கையுறையின் கட்டைவிரல் வரை திணிக்கிறார். சோடா உப்பை மெல்லிய துணியில் முடிந்து உள்ளே வைக்கிறார். மறுநாள் தாள் ஊறிப்போய் வருகிறது. வேர்வை நாற்றமும் புத்தம் புதிதாகவே அடிக்கிறது. இன்று அவன் மனைவி அதை வாங்கிப்போக வந்திருக்கிறாள். "ஈரமாத்தான் இருக்கும்மா, தப்பா நினைக்காத. வீட்டுல நல்ல வெயில்ல போடு," என்று அவள் முகத்தைப் பாராமல் நீட்டுகிறார். இது இங்கிருந்து போய்த் தொலைந்தால் போதும், தூங்கிவிடலாம் என்றிருக்கிறது அவருக்கு. "அவரு என்னைக்குண்ணே காயப்போட்டாரு? நாறுதுன்னு கத்துனா, 'இதுதாண்டி என் சென்ட்டு'ம்பாரு," என்று சிரித்தபடி அவள் கையை உள்ளே விடுகிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. "உள்ள சூடா இருக்குண்ணே." அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டு, நாடாக்களைச் சேர்த்துக் கட்டி, ஜோடியைப் பழையபடி கொடியில் மாட்டுகிறாள். "இங்கயே இருக்கட்டும். அவரு இன்னும் சண்டைய முடிக்கல போலிருக்கு," என்கிறாள், அவரை நேராகப் பார்த்து.