புதுப் பெட்டிக்கு இடம்

ஒரு முறை ஏமாந்த குழந்தை அடுத்த வாக்கை எவ்வளவு நம்பும் என்பது என் ஆராய்ச்சி. ஏமாற்ற வேண்டியது நான். "புது கலர் பென்சில் எடுத்துக்கினு வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு, அங்கன்வாடிக்கு வெளியே கைபேசியில் நொடிகளைப் பார்த்தபடி நிற்கிறேன். பக்கத்து வீட்டில் தறி அடிக்கும் சத்தம். ஜன்னல் வழியே அபிநயா தெரிகிறாள். நான்கு வயது. பதினைந்து நாளாக என் மடியில் உட்கார்ந்து பழகியவள். கம்பி நிழல் விழுந்த பாயில், முனை மழுங்கிய பழைய பென்சில்களை ஓரமாகத் தள்ளி, புதுப் பெட்டிக்கு இடம் ஒதுக்கி, அந்த இடத்தை உள்ளங்கையால் துடைக்கிறாள். மூன்று நிமிடம் ஆகிறது. வெறுங்கையோடு போய் அவள் எதிரே உட்காருகிறேன். "தீந்துபோச்சு பாப்பா." அவள் அழவில்லை. ஜிப் போடாத என் தோள்பையில் தலைநீட்டும் பெட்டியைப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டுப் பெட்டியை எடுத்து நீட்டுகிறேன். "இந்தா செல்லம், உனக்குத்தான்." மழுங்கிய பென்சிலால் கோடு இழுத்தபடி, நிமிராமல் சொல்கிறாள்: "அது தீந்துபோச்சுக்கா."