நூற்று எழுபது கிலோ பஞ்சு

அஞ்சலட்டையின் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

'சாதாரணப் பொருள் ஒன்றை அமுக்கிக்கொண்டே போனால் சின்னதாக ஒரு கருந்துளை உண்டாகுமா? எங்கள் மில்லில் நூற்று எழுபது கிலோ பஞ்சை அழுத்தி ஒரு பேல் கட்டுகிறோம். அதையே இன்னும் அமுக்கினால்?'

கீழே, 'ஒரு வாசகர், ராஜபாளையம்.'

கோமதிநாயகம். அவளுடைய அண்ணன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் அவள் இயற்பியல் நடத்துகிறாள். மாத இதழ் ஒன்றில் அறிவியல் கேள்விகளுக்குப் பதிலும் எழுதுகிறாள். மாதம் முப்பது கேள்விகளாவது வரும்.

ஏழு வருடமாகப் பேசாத அண்ணனிடமிருந்து ஒன்று வரும் என்று நினைத்ததில்லை.

அப்பா இறந்தபோது அவன் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. அவனும் இயற்பியல்தான். படிப்பை விட்டுவிட்டு ஜின்னிங் மில்லில் சேர்ந்தான். அவள் படித்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுடைய பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பான். தட்டில் சோறு ஆறிப்போகும்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அவள் ஜெர்மனியில் ஆய்வில் இருந்தாள். பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்றாள்.

அம்மா நான்கு நாள்தான் இருந்தாள்.

"இனிமே நீ வர வேண்டாம்" என்று போனில் சொன்னான்.

அவள் போகவில்லை.

இப்போது காகிதத்தை எடுத்துப் பதில் எழுதினாள்.

கோட்பாட்டின்படி முடியும். ஆனால் அந்தப் பேலை ஒரு புரோட்டானைவிட முந்நூறு கோடி மடங்கு சிறிதாக்க வேண்டும். அவ்வளவு அழுத்தம் தர மனிதனிடம் எந்த இயந்திரமும் இல்லை. அப்படியே உண்டானாலும் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட நிற்காது. அத்தனையும் ஆற்றலாக வெடித்துவிடும்.

சரியான பதில். வகுப்பிலும் இதைத்தான் சொல்வாள்.

திரும்பப் படித்தாள். ஏன் நிற்காது என்று அவன் கேட்பான். விடமாட்டான். அதற்கு இன்னொரு அட்டை. இன்னொரு மாதம்.

அவன் எண் அவளிடம் அப்படியே இருந்தது.

மூன்றாவது மணியில் எடுத்தான்.

"யாரு?"

"நான்தாண்ணே."

பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"பதில் புஸ்தகத்துல வரும்னுல்ல பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுல அரைப் பக்கந்தான் குடுப்பாங்க. பத்தாது."

அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றான். ஆனால் போனை வைக்கவில்லை.

அவளும் வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம மில்லு லீவுதான்" என்றான்.