திரும்பி வர ஓர் உரு

எண்பத்திரண்டா, எண்பத்துமூன்றா என்று இப்போது உறுதியில்லை. ஆடித்தபசு கழிந்த வாரம் என்றுதான் நினைக்கிறேன். மற்றதில் எது நான் பார்த்தது, எது பிறகு நானே சேர்த்துக்கொண்டது என்றும் தெரியவில்லை.

சங்கரன்கோவில் சன்னதித் தெருவில் கோமதிநாயகத்தின் உரு விற்கும் தட்டை ஒட்டி என் பூக்கூடை.

பாம்பு, தேள், பூச்சி எது தொல்லை செய்தாலும் அதன் தகட்டு உருவை வாங்கி உண்டியலில் போடுவார்கள். அது விலகிப் போகும்.

அன்று பேச்சித்தாய் கணவர் சுயம்புலிங்கத்தோடு வந்திருந்தாள். வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரம். அவர் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பவர். மேலே நின்று கயிறு பிடித்துவந்தது மச்சினன், பேச்சித்தாயின் தம்பி.

முந்தின ஆடியில் அவள் தனியாக வந்தாள். கயிறு பிடித்த தம்பியைத் தேனீக்கள் கொட்டிக் கொன்றிருந்தன. கணவராவது மிஞ்சட்டும் என்று, அவருக்குத் தெரியாமல் தேனீ உரு கேட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணாச்சி, பூச்சி திரும்பி வாரதுக்கு உரு இருக்கா?" என்றார் சுயம்புலிங்கம்.

"போகச் சொல்லித்தாம்வே எல்லாரும் வாங்குதாவ. வரச் சொல்லிக் கேக்குத ஆளு நீரு ஒருத்தருதான்."

சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாகச் சாரல் இல்லை. மலையில் இப்படி வெயில் கண்டதில்லை. மொட்டிலேயே பூ கருகுகிறது. தேனீ மட்டுமில்லை, சில்வண்டு கத்தவில்லை, வண்ணத்துப்பூச்சி இல்லை, ஈசல்கூடப் புறப்படவில்லை.

"காடே சத்தமில்லாமக் கெடக்கு."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பேச்சித்தாய் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அவர் கால் கழுவப் போனார். அவள் தட்டின் மேல் குனிந்தாள்.

"அண்ணாச்சி, நான் தேனீய மட்டுந்தான கேட்டேன்?"

கோமதிநாயகம் தட்டிலிருந்த உருக்களைக் கலைத்து அடுக்கினார்.

"தேனீதாம்மா தந்தேன்."

அவள் அழவில்லை. சுமையில் பாதியை இறக்கி வைத்தவள்போல மூச்சுவிட்டாள்.

அடுத்த வருடம் மழை பெய்தது. தேனீ கொஞ்சம் வந்ததாகக் கேள்வி, எடுக்க ஆளில்லை. சுயம்புலிங்கம் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய், வயதாகி, படுக்கையில் இறந்தார். பேச்சித்தாய் மகள் வீட்டில் இருக்கிறாள். தேனைத் தொடுவதில்லை.

கோமதிநாயகம் அன்றைக்கே பூச்சி உருக்களையெல்லாம் அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். சாகும்வரை பாம்பும் தேளும் மட்டும் விற்றார்.

தேனீக்கென்று தனி உரு அந்தத் தட்டில் எப்போதும் இருந்ததில்லை. எல்லாப் பூச்சிக்கும் ஒன்றுதான்.