ரோஜா வைக்கட்டுமா?

ஒரு போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும் இரண்டு செயலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெரியதிடம் நாற்பது பொத்தான்கள், பாட்டு, ரோஜாப்பூ எல்லாம் உண்டு. சின்னதிடம் எழுத ஒரு கட்டமும் அனுப்ப ஒரு பொத்தானும்தான்.

“உனக்கெல்லாம் பொழுது போகுதா தம்பி?” என்று பெரியது தினமும் சீண்டும்.

ஒருநாள் போனுக்குச் சொந்தக்காரி பூங்கோதை ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். உள்ளே அக்காவுக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும். பெரியதைத் திறந்தாள்.

“என்ன பாட்டு போடட்டும்? சுத்தி ரோஜா வைக்கட்டுமா?” என்று அது உற்சாகமாகக் கேட்டது.

அதை மூடிவிட்டுச் சின்னதைத் திறந்தாள். அது எதுவும் கேட்கவில்லை. எழுதினாள், அனுப்பினாள். செய்தியைப் பார்த்த, அதே வகை ரத்தமுள்ள இரண்டு பேர் கால்மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

பெரியது சின்னதின் பக்கம் திரும்பியது. “கெட்டிக்காரன்டா நீ! எழுதுற கட்டம் என்கிட்டயும் எங்கேயோ இருக்கணும். கொஞ்சம் தேடிக் கொடேன்” என்றது.