பான்சொடான் வீதியில் முதல் போணி

ரங்கூனில் இப்போதுதான் விடிகிறது. பான்சொடான் வீதி நடைபாதையில் வியாபாரி ஊ தாவ் ஸின் நீலத் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களை அடுக்கி முடிக்குமுன் மாணவி நின் யூ வந்து நிற்கிறாள். ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு, திங்களன்று பரீட்சை. நாடகத் தொகுப்பொன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். “எட்டாயிரம் கியாட், மகளே.” “அஞ்சாயிரந்தான் இருக்கு, மாமா.” அவர் மசியவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு ஓரடி நகர்கிறாள். “நில்லு. முதல் போணியே வெறுங்கையோட போனா நாள் பூரா நான் ஈ ஓட்டணும். ஒங்க வகுப்புல மொதப் பாடமே இப்படிப் பேரம் பேசறதுதானா?” ஐந்து ஆயிரம் கியாட் தாள்களை நீட்டுகிறாள். அவற்றால் எல்லாப் புத்தகங்களையும் அவர் தட்டித் தட்டி அதிர்ஷ்டத்தை எழுப்புகிறார். அவள் அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கிறாள். கடினமான வரிகளுக்கெல்லாம் கீழே யாரோ பென்சிலால் பர்மியில் பொருள் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் பொடி எழுத்து. அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறாள். அதே பென்சில், சற்றே பெரிய எழுத்தில்: ‘தேறிவிட்டேன்.’ அவள் கன்னத்தில் காய்ந்திருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து சிரிப்பில் மெல்ல விரிசல் விடுகிறது.